குயில் வேறு, குக்கூ வேறு

ஆங்கில இலக்கியத்தைத் தமிழில் தந்தவர்களுள் பெரும்பாலானோர் 'குக்கூ' என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் தயக்கமின்றிக் 'குயில்' என்று எழுதிச் சென்றுள்ளனர். பாடசாலையில் ஆங்கிலக் கவிதை படித்த எம்மில் பலரும், வேர்ட்ஸ்வேர்த் விளித்துப் பாடிய பறவையை எமது வளவு மாமரத்தில் கூவும் கரிய பறவையாகவே மனதில் வரித்துக் கொண்டோம். பத்திரிகைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் தகவல்களை அவசரமாகத் தமிழாக்கும் கை, குக்கூவைக் கண்டதும் குயில் என்றே எழுதிவிடுகிறது. எமது கையும் அவ்வாறு எழுதியதுண்டு.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மையே. இரண்டும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவை என்பதும் உண்மையே. ஆனால் ஒற்றுமை பெரும்பாலும் அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. எமது ஆண் குயில் கரிய நிறமும் சிவந்த கண்ணும் உடையது. பழங்களை விரும்பி உண்பது. காக்கையின் கூட்டை நாடுவது. ஐரோப்பியக் குக்கூவோ சாம்பல் நிறமானது. அதன் வெண்ணிற வயிற்றில் குறுக்குக் கோடுகள் ஓடும். ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் நீளமான இப்பறவை, வேறு பறவைகள் தொடவும் அஞ்சும் மயிர்க்கொட்டிப் புழுக்களைப் பிரதான உணவாகக் கொண்டது. முட்டையிடுவதற்கு அது தேடுவது தன்னைவிடப் பன்மடங்கு சிறிய குருவிகளின் கூடுகளையாகும். எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. குயிற் குஞ்சு பொதுவாகக் காக்கைக் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது. குக்கூக் குஞ்சு யாரையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இக்கட்டுரையில் அப்பறவையைக் குக்கூ என்றே குறிப்பிடுவோம்.

குக்கூவின் குரல் ஐரோப்பாவில் வசந்தத்தின் கட்டியமாகக் கொள்ளப்படுகிறது. இந்நாட்டில் சிங்கள மக்கள் 'கொஹா' என்று அழைக்கும் குயிலின் குரல் சித்திரைப் புத்தாண்டின் வருகையை அறிவிப்பதாகக் கருதப்படுவதை ஒத்தது இது. இதில் வியப்பான ஒரு பொருத்தமும் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஹீத்பீல்ட் என்ற ஊரில் நடைபெறும் குக்கூச் சந்தைக்கு மரபாக உரிய நாள் ஏப்ரல் 14. அன்று ஒரு மூதாட்டி தன் கூடையிலிருந்து முதலாவது குக்கூவைப் பறக்கவிடுவாள் என்பது அவ்வூரவரின் பழங்கதை. பீத்தோவன் தமது ஆறாவது சிம்பொனியில் இக்குரலைக் கிளாரினெட் வாத்தியத்தில் ஒலிக்கச் செய்தார். ஜேர்மனியின் கறுங்காட்டுப் பகுதியின் கடிகாரங்களும் இக்குரலிலேயே மணி சொல்கின்றன.

ஆண்டின் முதற் குக்கூவைத் தாமே கேட்டதாக லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதில் ஆங்கிலேயரிடையே பெரும் போட்டியே நிலவிய காலம் ஒன்றிருந்தது. 1913ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரிச்சர்ட் லிடெக்கர் என்ற புகழ்பெற்ற இயற்கை விஞ்ஞானி, வழமைக்கு மாறாக அவ்வளவு முன்கூட்டியே குக்கூவின் குரலைக் கேட்டதாக எழுதினார். சில நாட்களின் பின்னர் அவரே மற்றொரு கடிதம் எழுத நேர்ந்தது. குரல் கொடுத்தது பறவையல்ல, அருகில் வேலை செய்துகொண்டிருந்த மேசனின் கையாள் என்பது தெரியவந்துவிட்டது! வாசகர் கடிதங்களை நெடுங்காலம் பார்த்துப் பழகிய எமக்கு, அந்த இரண்டாவது கடிதத்தை எழுதிய அவரது நேர்மையின் மீது தனி மதிப்புண்டு.

இவ்வளவு நெருங்கிப் பழகிய பறவையாயினும் அதன் அந்தரங்கம் வெளிப்படுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றது. குக்கூ பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுகிறது என்பதைக் கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டில் அறிந்திருந்தார். பருந்தினம் ஒன்றே காலம் மாறும்போது குக்கூவாக உருமாறுகிறது என்று அன்று சிலர் கூறியதையும் அவர் எடுத்துக்காட்டி மறுத்துள்ளார். ஆனால் வளர்ப்புத் தாயின் சொந்தக் குஞ்சுகளுக்கு என்ன நேர்கிறது என்பது நீண்ட காலம் ஊகத்திற்குரியதாகவே இருந்தது. வளர்ப்புத் தாயே அவற்றைத் தள்ளிவிடுகிறது என்றும், பெண் குக்கூ திரும்பி வந்து அவற்றை அகற்றுகிறது என்றும் பலவாறு சொல்லப்பட்டு வந்தது.

இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் கிராமப்புற வைத்தியர் ஒருவர். பெரியம்மைக்குத் தடுப்பூசி தந்து மனித குலத்தின் நன்றிக்குரியவராக விளங்கும் எட்வர்ட் ஜென்னரே அவர். தடுப்பூசிப் பரிசோதனைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1787ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வேலியோரக் கூடொன்றை அவர் கூர்ந்து கவனித்தார். முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள் கூட ஆகாத, கண் திறவாத, இறகு முளைக்காத குக்கூக் குஞ்சு, தன் முதுகை உடன்பிறவாக் குஞ்சின் அடியில் நுழைத்து, சிறகு முளைக்கவேண்டிய மொட்டைக் கைகளால் அதனைத் தாங்கிக்கொண்டு, கூட்டின் சுவரில் பின்பக்கமாக ஏறி விளிம்புக்கு அப்பால் தள்ளியது. சற்று ஓய்ந்தது. பின்னர் அடுத்ததைத் தேடியது. அக்குஞ்சின் முதுகில் ஒரு பள்ளம் இருப்பதையும், பன்னிரண்டு நாள் அளவில் அப்பள்ளம் மறைந்துவிடுவதையும் ஜென்னர் குறித்துக்கொண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. தள்ளிவிடுவது வளர்ப்புத் தாயே என்று கூறும் கட்டுரையொன்றை ஜென்னர் அதற்கு முன்னரே லண்டன் ரோயல் கழகத்திற்கு அனுப்பியிருந்தார். நேரில் கண்டதும் அதனைத் திருப்பிப் பெற்று, 1788இல் திருத்திய கட்டுரையை வெளியிட்டார். மறு ஆண்டில் கழகத்தின் உறுப்பினராகவும் தெரிவுசெய்யப்பட்டார். ஆயினும் அவரது கூற்றை நம்ப மறுத்தவர்கள் நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இருந்தனர். பிறந்த மறுகணமே கொலை செய்யும் குஞ்சு என்பதை மனித மனம் ஏற்கத் தயங்கியதோ என்னவோ.

எஞ்சியிருந்த மற்றொரு புதிர், முட்டை எவ்வாறு கூட்டுக்குள் சேர்கிறது என்பதாகும். குக்கூ நிலத்தில் முட்டையிட்டு, அதனை அலகால் கௌவிச் சென்று கூட்டில் வைக்கிறது என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அறிஞர் பலர் நம்பினர். எட்கார் சான்ஸ் என்ற முட்டை சேகரிப்பாளர் இதனைப் பொய்யாக்கினார். 1918இல் தொடங்கிச் சில ஆண்டுகள் வோர்செஸ்டர்ஷயரிலுள்ள பவுண்ட் கிறீன் என்ற பொதுவெளியில் ஒரே பெண் குக்கூவை அவர் பின்தொடர்ந்தார். அடுத்த முட்டை எந்தக் கூட்டில், எந்த நாளில் இடப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லுமளவுக்கு அவரது அவதானிப்பு கூர்மை பெற்றது. 1922ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் அப்பறவை 25 முட்டைகளை இட்டது. குக்கூ கூட்டில் நேராக அமர்ந்தே முட்டையிடுகிறது என்பதை அவர் திரைப்படமாகவும் பதிவு செய்தார். அதற்கு எடுக்கும் நேரம் ஏறத்தாழப் பத்து விநாடிகளே. அந்த நேரத்திற்குள் கூட்டிலிருந்த முட்டையொன்றை அலகால் எடுத்துக்கொண்டு, தன் முட்டையை இட்டுவிட்டு அது பறந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய உண்மையை உலகிற்குத் தந்த சான்ஸ், சட்டவிரோதமாக முட்டை சேகரித்த குற்றத்திற்காகப் பின்னர் தண்டிக்கப்பட்டுப் பறவையியலாளர் சங்கத்திலிருந்தும் நீக்கப்பட்டார் என்பது வேறு கதை.

இவ்வாறு வெளிப்பட்ட உண்மைகள் குக்கூவுக்குக் கெட்ட பெயரையே ஈட்டிக்கொடுத்தன. மனைவியால் வஞ்சிக்கப்பட்ட கணவனை இகழும் ஆங்கிலச் சொல்லொன்று இப்பறவையின் பெயரிலிருந்தே பிறந்தது. சோம்பேறி, வஞ்சகி, பெற்ற பிள்ளையைக் கைவிட்ட தாய் என்றெல்லாம் அது வையப்பட்டது. எமது மரபிலும் குயிலைப் பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள்படும் வடமொழிப் பெயரால் அழைத்தனர். ஆனால் அதன் இசைக்காக அதனை மன்னித்துவிட்டனர். எவ்வாறாயினும், குக்கூவின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்பவருக்கு அது சோம்பேறியின் வாழ்க்கையாகத் தோன்றாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் டேவிஸ், அந்நகருக்கு அண்மையிலுள்ள விக்கன் பென் என்னும் சதுப்பு நிலத்தில் 1980கள் முதல் குக்கூவை ஆராய்ந்து வந்தவர். அங்கு குக்கூவிற்கு இரையாவது, நாணற் தண்டுகளுக்கிடையே கூடு கட்டும் 12 கிராம் நிறையுள்ள சின்னஞ்சிறு குருவியாகும். அதனை நாணற்குருவி என்போம். டேவிசும் அவரது சகாக்களும் பல நிறங்களில் போலி முட்டைகளைத் தயாரித்து அக்கூடுகளில் இட்டுப் பார்த்தனர். தன் முட்டையைப் போலத் தோன்றாதவற்றை நாணற்குருவி அதிகமாக ஒதுக்கியது. கூட்டருகே பாடம் செய்த குக்கூவொன்றைக் காட்டியபோது அதன் சந்தேகம் மேலும் கூடியது. குக்கூவின் அவசரத்திற்கான காரணம் இதிலிருந்து புலனாகிறது. பிடிபட்டால் முட்டை தப்பாது.

குருவி ஏமாளியாக இருந்திருந்தால் குக்கூவுக்கு வேஷம் தேவைப்பட்டிருக்காது. குருவி விழித்துக்கொண்டதனாலேயே குக்கூவின் முட்டை, அக்குருவியின் முட்டையைப் போன்று நிறம் மாறி வந்தது. நாணற்குருவியை நாடும் குக்கூ பச்சை கலந்த புள்ளி முட்டையை இடுகிறது. பின்லாந்தில் செவ்வால் குருவியை நாடும் குக்கூ, அதன் முட்டையைப் போன்றே நீல முட்டையை இடுகிறது. ஒரே இனத்துக்குள் இவ்வாறு பல குலங்கள் இருக்கின்றன. நீல முட்டை தாய் வழியாகவே மகளுக்குச் செல்கிறது என்பதை மரபணு ஆய்வுகளும் காட்டியுள்ளன. அதேவேளை இங்கிலாந்தின் வேலிகளில் வாழும் டன்னொக் என்ற குருவி தெளிந்த நீல முட்டைகளுக்கு நடுவே கிடக்கும் சாம்பல் நிறக் குக்கூ முட்டையை எவ்வித மறுப்புமின்றி அடைகாக்கிறது. அதன் கூட்டை நாடும் குக்கூவும் முட்டைக்கு வேஷமிடுவதில்லை. குக்கூவுக்கு அண்மையில் அகப்பட்ட இனமாதலால் அது இன்னும் விழித்துக்கொள்ளவில்லை எனச் சிலர் கருதுகின்றனர்.

அரிஸ்டோட்டில் காலத்துப் பருந்துக் கதையிலும் ஓர் உண்மை மறைந்திருந்தது. குக்கூவின் வயிற்றுக் கோடுகள் குருவிகளை வேட்டையாடும் வல்லூறின் கோடுகளை ஒத்தவை. கோடுகளை மறைத்த குக்கூ உருவத்தைவிடக் கோடுகளுடன் கூடியதற்கே சிறு குருவிகள் அதிகம் அஞ்சுகின்றன என்பது 2008இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மேலும் 'குக்கூ' என்று கூவுவது ஆண் மட்டுமே. பெண்ணின் குரல் நீர் கொப்பளிப்பது போன்ற ஒரு சிரிப்பு. முட்டையிட்டு முடித்ததும் அது இவ்வாறு குரலெழுப்புவதன் காரணம் 2017ஆம் ஆண்டு வரை தெளிவாகவில்லை. அக்குரலைக் கேட்டதும் நாணற்குருவி வல்லூறு வந்துவிட்டதெனப் பதறித் தன் உயிரைக் காக்கும் கவலையில் கூட்டைக் கவனிக்கத் தவறுகிறது என ஜெனி யோர்க்கும் டேவிசும் அவ்வாண்டில் காட்டினர்.

முட்டையை இவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கும் குருவி, கூடு கொள்ளாமல் வளர்ந்துவிட்ட, தன் எடையைப் போல் ஏழெட்டு மடங்கு கனத்த பிள்ளையை ஏன் சந்தேகிப்பதில்லை? வாசகர்கள் பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது. 1993இல் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம் எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. குருவி தன் முட்டையின் தோற்றத்தை முதல் தடவை இடும்போது பார்த்துப் பழகிக் கொள்கிறது. குஞ்சையும் அவ்வாறே பழகிக்கொள்வதாயின், முதல் தடவையே குக்கூவிடம் அகப்பட்ட குருவி அந்நியக் குஞ்சையே தன் பிள்ளை என்று பதித்துக்கொள்ளும். அதன் பின்னர் தான் பெற்ற குஞ்சுகளை எல்லாம் வாழ்நாள் முழுவதும் கொன்றுவிடும். அதைவிட ஓராண்டு ஏமாறுவது குறைந்த நட்டமாகும். குக்கூக் குஞ்சும் சும்மா இருப்பதில்லை. தனியொரு குஞ்சாக இருந்துகொண்டே ஒரு கூடு நிறைந்த குஞ்சுகள் கத்துவது போன்று இடைவிடாது இரைகிறது. அந்த இரைச்சலே வளர்ப்புப் பெற்றோரை ஓயாமல் உழைக்கச் செய்கிறது.

இதற்கிடையில் பெற்ற தாய் எங்கே? ஜூன் மாதம் முடியுமுன்னரே பல குக்கூக்கள் ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றன. குஞ்சு தன் இனத்தைச் சேர்ந்த எவரது துணையுமின்றி, வழிகாட்டும் தாயோ தந்தையோ இன்றி, சில வாரங்கள் பின்தங்கித் தனியே ஆபிரிக்காவுக்குப் புறப்படுகிறது. குருவியின் கூட்டில் வளர்ந்த பிள்ளை குருவியின் பாட்டைப் பாடாமல் குக்கூ என்றே கூவுவதும், கண்டிராத கண்டத்திற்கு வழி அறிந்திருப்பதும் அதன் இரத்தத்தில் ஊறியவை என்பதற்கு மேல் எளிதாகச் சொல்ல எமக்குச் சொற்கள் இல்லை.

ஆபிரிக்காவில் அவை எங்கே தங்குகின்றன என்பதும் அண்மைக் காலம் வரை தெரியாதிருந்தது. பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை 2011இல் ஐந்து ஆண் குக்கூக்களின் முதுகில் சிறிய செய்மதிக் கருவிகளைப் பொருத்தி அனுப்பியது. அவை கொங்கோ ஆற்றுப் படுகையின் காடுகளில் மாரியைக் கழித்தன; அவற்றுள் சில, திரும்பும் வழியில் மேற்காபிரிக்காவில் தங்கி இரை தேடி, சஹாராவைக் கடந்து தாய்நிலம் சேர்ந்தன. ஆண்டின் பெரும் பகுதியை ஆபிரிக்காவிலும் வழியிலும் கழிக்கும் இப்பறவையை இங்கிலாந்தின் பறவை என்று உரிமை கோருவதே பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது.

எமது பிராந்தியத்திற்கும் இப்பயணத்தில் பங்குண்டு. 2019இல் மொங்கோலியாவில் கருவி பொருத்தப்பட்ட ஓனோன் என்ற குக்கூ, இந்தியா வழியாக அரபிக்கடலைக் கடந்து ஆபிரிக்காவின் சாம்பியா வரை சென்று, 2020 மே மாதத்தில் மீண்டும் அதே கடலைத் தாண்டி இந்தியாவில் இறங்கி, தன் தாயகத்தை அடைந்தது. அது கடந்த தூரம் ஏறத்தாழ 26,000 கிலோமீற்றர், நாடுகள் பதினாறு. எமது தீவு அதன் பாதையில் இல்லை. இலங்கையில் இவ்வினம் எப்போதாவது வரும் அரிய விருந்தாளி மட்டுமே. வந்தாலும் மாரி காலத்தில் மௌனமாக இருப்பதால் கவனிப்பார் இல்லை.

செய்மதித் தகவல்கள் கவலைக்குரிய ஒன்றையும் வெளிப்படுத்தின. பிரித்தானியாவில் குக்கூக்களின் தொகை 1990களின் நடுப்பகுதியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துள்ளது. 2009இல் அது அங்கு ஆபத்துக்குள்ளான பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வீழ்ச்சி இங்கிலாந்தில் கடுமையாகவும், ஸ்கொட்லாந்தில் இல்லாமலும் இருப்பது ஆய்வாளரைக் குழப்பியது. ஆபிரிக்காவுக்குச் செல்லும் குக்கூக்களுள் சில இத்தாலி அல்லது பால்கன் நாடுகள் ஊடாகவும், சில ஸ்பெயின் ஊடாகவும் போகின்றன. ஸ்பெயின் வழி குறுகியது. ஆனால் சஹாராவைக் கடந்து முடிப்பதற்குள் மடிபவை அவ்வழியிலேயே அதிகம் என 2016இல் வெளியான ஆய்வு கூறியது. தொகை குறைந்துவரும் இங்கிலாந்துப் பகுதிகளின் பறவைகளே அவ்வழியை அதிகம் தெரிவு செய்கின்றன. ஸ்பெயினின் கோடை வரட்சியும் காட்டுத் தீயும் பாலைவனப் பயணத்திற்கு முன்னர் உடலைத் தேற்றிக்கொள்ள அவற்றுக்கு வாய்ப்பளிப்பதில்லை போலும்.

பாதை மட்டும் காரணமல்ல. விவசாய நிலங்களில் பூச்சிகொல்லிகளும் வேலிகளின் அழிப்பும் அந்துப்பூச்சி இனங்களைக் குறைத்துவிட்டன. அந்துப்பூச்சி இல்லையேல் மயிர்க்கொட்டி இல்லை. மயிர்க்கொட்டி இல்லையேல் நெடும் பயணத்துக்கு முன்னர் குக்கூ கொழுக்க வழியில்லை. இங்கிலாந்தில் எத்தனை சரணாலயங்கள் அமைத்தாலும் ஸ்பெயினின் ஆற்றோரமும் கானாவின் காடும் கொங்கோவின் மழைக்காடும் அழியுமாயின் பயனில்லை என்பதை அந்நாட்டு ஆய்வாளர் இப்போது உணர்ந்துள்ளனர். சில நாடுகளின் எல்லைகளுக்குள் மட்டும் திட்டமிடும் அரசுகளுக்கு இது விளங்கக் காலமெடுக்கும். உலகளாவிய ரீதியில் இவ்வினம் இன்னும் அழியும் நிலையை அடையவில்லை என்பது சற்று ஆறுதலான விடயம்.

நிக் டேவிஸ் ஆராய்ந்த விக்கன் பென் சதுப்பு நிலத்தில் 1980களின் நடுப்பகுதியில் நாணற்குருவிகளின் பல கூடுகளில் குக்கூ முட்டை காணப்பட்டது. 2012 அளவில் அது அரிதான காட்சியாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் குருவிகளிடமும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளதாக டேவிசும் ரோஸ் தொரோகுட்டும் 2013இல் எழுதினர். கூட்டருகே வைக்கப்படும் குக்கூ உருவத்தைச் சூழ்ந்து கூச்சலிட்டுத் தாக்குவதும், போலி முட்டைகளை ஒதுக்குவதும் அங்குள்ள நாணற்குருவிகளிடம் முன்னரைவிடக் குறைந்துவிட்டன.